பேர் சொல்லிக் கூப்பிட

"பாட்டி, உங்க பிறந்த தேதி?"

பேங்க் கவுண்டரில் கேட்டதும் அப்பத்தா என் முகத்தைப் பார்த்தாள். ஆதாரில் 01-01-1929. ஜனவரி ஒன்று, பதிவு செய்தவர் போட்ட தேதி. அவளுக்குத் தெரிந்தது மாசி மாதம், கதிரறுப்பு முடிந்த நேரம், அவ்வளவுதான்.

வெளியே வந்து இளநீர் குடிக்கும்போது பிரான்ஸ் நாட்டு ழான் கல்மான் பாட்டி கதையைச் சொன்னேன். சரியான ஆவணங்களோடு 122 வயது வாழ்ந்தவர். நூறு தாண்டியும் சிகரெட் பிடித்தவர் (வாட்ஸ்அப் வைத்தியர்கள் கவனிக்க!). அந்தப் பாட்டிக்கு 90 வயதானபோது ஒரு வக்கீல், "சாகும்வரை மாதப்பணம் தருகிறேன், அப்புறம் வீடு எனக்கு" என்று ஒப்பந்தம் போட்டார். முப்பது வருடம் கட்டிவிட்டு 1995இல் வக்கீல்தான் முதலில் போனார். பாட்டி போனது 1997இல்.

அப்பத்தா சிரிக்கவில்லை.

"புள்ள குட்டி?"

ஒரே மகள், 1934இல் இறந்துவிட்டாள். ஒரே பேரனும் 1963இல் விபத்தில் போய்விட்டான்.

இளநீர் வழுக்கையைச் சுரண்டிக்கொண்டே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

நீண்ட ஆயுளுக்கு உடம்புவாகு, சாப்பாடு, அதிர்ஷ்டம் என்று என்னென்னவோ காரணம் தேடுகிறோம். கூட இருந்தவர்களை ஒவ்வொருவராக வழியனுப்பும் கணக்கை யாரும் எழுதுவதில்லை.

"என்னையப் பேர் சொல்லிக் கூப்பிட இப்ப யாருடா இருக்கா? இந்தப் பேங்குலதான் கூப்புடுறாங்க."