கதவைச் சாத்திவிட்டுக் கேட்ட கேள்விகள்

மொரீஷியஸில் யார் "கி மான்யேர்?" என்று நலம் கேட்டாலும் "கோரேக்", நன்றாயிருக்கிறேன், என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவோம். சர்க்கரையோடு பதினான்கு ஆண்டு குடும்பம் நடத்தும் நானும் அப்படித்தான் சொல்லிவந்தேன்.

முதல் தடவை ஒரு மனநலப் படிவத்தைச் சுகாதார நிலைய வராந்தாவில் வைத்தே நிரப்பினார்கள். பக்கத்தில் மகன், எதிரே வரிசையில் தெருக்காரர்கள். கடந்த இரண்டு வாரங்களில் எதிலும் ஈடுபாடு இல்லையா, மனம் சோர்ந்திருந்ததா என்று ஒன்பது கேள்விகள். ஒன்பதுக்கும் பூஜ்யம் சொன்னேன். பெற்ற பிள்ளையின் முன்னால் வேறென்ன சொல்ல?

ஆறு மாதம் கழித்து, கடந்த சில மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையில் 9.4 என்று வந்தது, அதிகம்தான். புதிய நர்ஸ் மகனை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். அதே படிவம் பிரெஞ்சில், அவர் கிரியோலில் கேட்டார். வாழ வேண்டாம் என்று தோன்றியதா என்ற கடைசிக் கேள்விக்கு மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். இல்லை என்றேன், உண்மைதான். மொத்தம் 27க்கு 8. பத்தைத் தொட்டால் மனச்சோர்வா என்று மேலும் விசாரிப்பார்களாம்.

"களைப்பும் தூக்கமின்மையும் சர்க்கரை ஏறினாலும் வருமே?" என்றேன். "அதனால்தான் இன்னொன்று" என்று வேறு தாளை எடுத்தார்.

அதில் இருபது கேள்விகள், எல்லாம் சர்க்கரையைப் பற்றியே. பின்னால் வரக்கூடிய பாதிப்புகளை நினைத்துக் கவலையா? என் அண்ணனுக்கு வலக்கால் முழங்காலோடு சரி. நான்கு போடச் சொன்னேன், அதற்குமேல் எண் இல்லை. கட்டுப்பாடு தவறினால் குற்றவுணர்வா? அங்கேதான் உடைந்தேன். குவாத்ர் போர்ன் ஊரின் மலையடி முருகனுக்குப் பால்குடம் எடுக்க விரதமிருந்து, நான்காம் நாள் சர்க்கரை இறங்கிக் கை நடுங்க, அடுப்படியில் நின்றபடியே சீனியை அள்ளித் தின்றேன். விரதம் கெட்டது ஒரு பாவம், அன்றிரவு மீட்டரில் சர்க்கரை எகிறிக் காட்டியது இன்னொரு பாவம். யாரிடமும் சொன்னதில்லை.

கூட்டுத்தொகை 37. அதை 1.25ஆல் பெருக்கி நூற்றுக்கு 46.25 என்றார்கள், 40ஐத் தொட்டாலே கவனிக்க வேண்டுமாம். டாக்டர் மனச்சோர்வு மாத்திரை எழுதவில்லை. நோயைச் சுமந்து வந்த அலுப்பு என்றார். மனநல ஆலோசகரிடம் அனுப்பினார். அடுத்த விரதத்துக்கு முன்பே இன்சுலின் அளவைப் பேசிவைப்போம் என்றார்.

இப்போது அந்த இருபது கேள்விக் கணக்கு 31.25. தூக்கம் மட்டும் பிடிகொடுக்கவில்லை. அதற்கு அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள்.