தக்காளிப் பெட்டி நிலவரம்

காலையில் பாலக்கோடு தக்காளி மண்டி பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தேன். "நாடு வளருதுன்னு டிவியில சொல்றாங்க, நமக்கு எங்கண்ணா?" என்றார் பெட்டி இறக்க வந்த விவசாயி ஒருவர். "ஓசூர் போய்ப் பாரு, எத்தனை கம்பெனி" என்றார் கடைக்காரர். "என் பையன் அங்கதான் இருக்கான். காண்ட்ராக்ட்டு." அப்புறம் யாரும் பேசவில்லை.

இதையேதான் ரிசர்வ் வங்கி இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நகரங்களில் கேட்கிறது. பொருளாதாரம், வேலை, விலைவாசி, வருமானம், செலவு எல்லாம் போன வருஷத்தைவிட எப்படி, அடுத்த வருஷம் எப்படி இருக்கும் என்று. பதில்களைச் சேர்த்து இரண்டு எண் போடுவார்கள்: இப்போதைய நிலைக்கு ஒன்று, அடுத்த வருஷத்துக்கு ஒன்று. 100-க்குக் கீழே போனால் அதிருப்தி. 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில், இப்போதைய நிலைக்கான எண் 48.5-க்கு இறங்கியது. அப்போதும் அடுத்த வருஷத்துக்கான எண் அதைவிட ரொம்ப மேலேதான் இருந்தது. நம்ம ஆட்கள் நம்பிக்கையே தனி!

சரி, விலைவாசிக் கேள்வியை அந்த மண்டியில் கேட்டால்? கிலோ பத்து ரூபாய் என்றால் என் வீட்டில் சந்தோஷம். பெட்டி இறக்கியவருக்குப் பறிகூலிகூடத் தேறாது. நேற்று என்னைக் கேட்டிருந்தால் "பரவாயில்லை" என்றுதான் சொல்லியிருப்பேன். இன்று இரண்டு கிலோ வாங்கினேன், பேரம் பேச வாய் வரவில்லை.