தெருவுக்கு அடியில் உடைந்த நகரம்

நிலநடுக்கம் என்றதும் இடிந்த கட்டடங்களே நம் கண்முன் நிற்கின்றன. ஆனால் 2011 பிப்ரவரி 22 அன்று 185 உயிர்களைப் பறித்த அதிர்வுக்குப் பின், நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரம் பட்ட பெரும்பாட்டில் பாதி மண்ணுக்கு அடியில்தான் இருந்தது. நீர் ஊறிய மணல் குழம்பாகிப் பொங்கி, தெருக்களில் சாம்பல் நிறச் சேறாகப் படிந்தது. பாதாளச் சாக்கடைக் குழாய்கள் விரிசல் கண்டு, வாட்டம் (சரிவு) மாறி, வண்டலால் அடைபட்டன. வாட்டம் போனால் சாக்கடை ஓடாது (குழாய் பதிப்பவர்களைக் கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வார்கள்). எனவே, தரை மீண்டும் அமிழக்கூடிய சில பகுதிகளில், சரிவை நம்பாமல் அழுத்தத்தாலோ வெற்றிடத்தாலோ கழிவுநீரை நகர்த்தும் அமைப்புகளை நிறுவினார்கள்; மண் அசைந்தால் கூடவே வளைந்துகொடுக்கும் பாலிஎத்திலீன் குழாய்களைப் பதித்தார்கள். என் பார்வையில், தெருவோரத் தற்காலிகக் கழிப்பறைக்கு இரவில் நடந்தவர்களுக்கு, எந்தப் புதிய கட்டடத்தையும்விட இந்தக் குழாய்களே நகரம் மீண்டதன் முதல் அடையாளமாக இருந்திருக்கும்.