கனடாக் குளிரில் கராஜைச் சூடாக்குவது: எந்த ஹீற்றர், எங்கே, எப்படி

டிசம்பர் பிறந்தால் ரொறன்ரோ பக்கத்துக் கடைகளில் 1500 வாற் ஹீற்றர்ப் பெட்டிகள் வாசலிலேயே அடுக்கியிருக்கும். விலையும் மலிவு. ஆனால் இரண்டு கார் நிற்கும் கராஜுக்கு அது காணாது. காணாதபடியால் நாள் முழுக்க ஓடவிடுவார்கள், பிறகு இன்னொன்றையும் வாங்கி அதே சுவர் பிளக்கில் கொழுவுவார்கள். தீ விபத்துக்கு வழி அங்கேதான் திறக்கிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 20 அடிக்கு 20 அடி கராஜ் என்றால் 400 சதுர அடி. சுவரிலும் கூரையிலும் சூடு வெளியேறாமல் தடுக்கும் இன்சுலேசன் இருந்தால் சதுர அடிக்கு 10 வாற் என்று வைத்துக்கொள்ளலாம், ஆக 4000 வாற். இன்சுலேசன் இல்லையென்றால் 15 வாற் வரை போகும். 16 அடி அகலம், 7 அடி உயரமான ஒற்றைத் தகட்டுக் கதவை மட்டும் எடுங்கள். வெளியே மைனஸ் 18, உள்ளே 10 பாகை என்றால் அந்தக் கதவால் மாத்திரம் சுமார் 1500 வாற் வெளியேறும். கடையில் வாங்கிய ஹீற்றரின் முழுச் சூட்டையும் கதவே குடித்துவிடுகிறது.

ஆகவே காசைக் கதவில் முதலில் செலவழியுங்கள். அடி றப்பர் வெடித்துச் சுருங்கியிருந்தால் மாற்றுங்கள். இரு பக்கமும் மேலேயும் சீல் பட்டி அடியுங்கள். இரவில் உள்ளே லைற்றைப் போட்டுவிட்டு வெளியே நின்று பார்த்தால், வெளிச்சம் கசியும் இடமெல்லாம் காற்றும் கசியும் இடம். கதவுக்கென்றே விற்கும் இன்சுலேசன் பனல்களை ஒட்டலாம். ஆனால் கதவின் எடை கூடும், ஸ்பிறிங் பழைய எடைக்கே முறுக்கப்பட்டிருக்கும். கதவை மூடிவிட்டு, மோட்டாரிலிருந்து தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்து விடுவியுங்கள். கையால் இடுப்பளவு தூக்கி மெல்லப் பிடியைத் தளர்த்துங்கள். கதவு அங்கேயே நிற்க வேண்டும். கீழே சரிந்தால் ஸ்பிறிங்கைச் சரிசெய்ய ஆளைக் கூப்பிடுங்கள். கதவுக்கு மேலே உள்ள முறுக்கு ஸ்பிறிங்கில் நீங்கள் கை வைக்கவே கூடாது, அது கையை முறித்துவிடும். சுவரில் ஃபோம் பலகை அடித்தால் மேலே டிறைவோல் (ஜிப்சம் பலகை) போட்டு மூட வேண்டும். மூடாத ஃபோம் பற்றினால் வேகமாக எரிந்து நச்சுப் புகை விடும்.

இனி ஹீற்றர். புகைக்குழாய் இல்லாத புறொப்பேன், மண்ணெண்ணெய் ஹீற்றர்களை வீட்டோடு ஒட்டிய கராஜுக்குள் கொண்டுவர வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. ஒரு கிலோ புறொப்பேன் எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீராவியும் 3 கிலோ காபனீரொக்சைட்டும் அறைக்குள்ளேயே விழும். பார்பிக்யூவுக்குப் பாவிக்கும் 20 இறாத்தல் சிலிண்டர் ஒன்று முழுக்க எரிந்தால் கிட்டத்தட்ட 15 லீற்றர் தண்ணீர்! அது குளிர்ந்த சுவரிலும் உங்கள் கருவிகளிலும் படிந்து துருவாகும். காற்றில் ஒட்சிசன் குறையக் குறைய காபன்மொனொக்சைட் என்ற நச்சு வாயு கூடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

கராஜில் ஸ்னோ புளோவரும் பெற்றோல் கானும் இருக்கும். பெற்றோல் ஆவி காற்றை விட மூன்று நான்கு மடங்கு பாரமானது, நிலத்தோடு படர்ந்து கிடக்கும். மைனஸ் 40 பாகையிலேயே பற்றக்கூடிய அளவு ஆவி எழும் என்பதால், குளிர்தானே என்ற நம்பிக்கை இங்கே உதவாது. பொறி வரக்கூடிய எதுவும் தரையிலிருந்து குறைந்தது 18 அங்குலம் மேலே இருக்க வேண்டும் என்ற விதி இதனால்தான் வந்தது. தரையில் வைக்கும் ஹீற்றர் எதுவானாலும் இந்த விதியை மீறும்.

பெரும்பாலான வீடுகளுக்குச் சரியான தெரிவு, கூரையில் பொருத்தும் 240 வோல்ற் மின்சாரக் காற்று ஹீற்றர். 5000 வாற் ஹீற்றர் 20.8 அம்பியர் இழுக்கும். தொடர்ந்து ஓடும் சுமை பிரேக்கரின் 80 வீதத்தைத் தாண்டக்கூடாது. ஆகவே 30 அம்பியர் இரட்டைப் பிரேக்கர், 10 கேஜ் செம்புக் கம்பி. 7500 வாற் என்றால் 31.25 அம்பியர், 40 அம்பியர் பிரேக்கர், 8 கேஜ். அந்த லைனில் வேறெதுவும் கொழுவக்கூடாது. வீட்டு மின்பனல் 100 அம்பியராக இருந்து, மின்சார அடுப்பும் டிறையரும் மின்கார் சார்ஜரும் ஏற்கெனவே அதில் இருந்தால், எலெக்றீசியனிடம் முதலில் சுமைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். ஹீற்றரை வாங்கிவிட்டுப் பனலைத் திறந்து பார்ப்பது தலைகீழ் வேலை. ஒன்ராறியோவில் இந்த வேலைக்கு ஈ.எஸ்.ஏ (மின்பாதுகாப்பு அதிகாரசபை) அறிவித்தலும் பரிசோதனையும் வேண்டும். அந்தப் பத்திரத்தைப் பத்திரப்படுத்துங்கள், காப்புறுதிக்காரர் கேட்கலாம்.

ஹீற்றரின் உடலில் சி.எஸ்.ஏ, சி-யு.எல், சி-ஈ.ரி.எல் போன்ற கனடிய அங்கீகார முத்திரை ஒன்று இருக்க வேண்டும். இணையத்தில் மலிவாக வருபவற்றில் ஐரோப்பிய சி.ஈ குறி மட்டும் இருந்தால் வாங்காதீர்கள். அது இங்கே செல்லாது.

பொருத்தும் இடத்தில் பலர் மறப்பது, கதவு திறந்ததும் தண்டவாளத்தில் ஏறிக் கூரைக்குக் கீழே படுத்துக்கொள்ளும் என்பதை. கதவை முழுதாகத் திறந்து வைத்துவிட்டு இடம் பாருங்கள். வீட்டுச் சுவர் பக்கத்து மூலையில் தொங்கவிட்டு, காற்று காரின் மேலால் குறுக்கே கதவை நோக்கிப் போகும்படி திருப்பினால் நல்லது. முன்பக்கமும் பக்கவாட்டிலும் எவ்வளவு இடைவெளி என்பதைக் கையேட்டில் பாருங்கள், மாடலுக்கு மாடல் வேறுபடும். மேலே தட்டு அடித்து ரயரும் காட்போட் பெட்டியும் வைத்திருந்தால், ஹீற்றர்ப் பக்கத்துத் தட்டைக் கழற்றுங்கள்.

வாடகை வீடு, பனலில் இடமில்லை என்று 1500 வாற்றோடுதான் சமாளிக்க வேண்டுமென்றால், வேலை செய்யும் மூலைக்கு மட்டும் அதை வையுங்கள். கராஜில் பெற்றோலோ பெயின்ற் தின்னரோ இல்லாதபோது மட்டும், நீங்கள் உள்ளே நிற்கும் நேரம் மட்டும். 12.5 அம்பியர் அது இழுக்கும். 15 அம்பியர் லைனுக்கு அதுவே விளிம்பு. எக்ஸ்ரென்சன் வயரும் பவர் பாரும் கூடாது. அரை மணித்தியாலம் ஓடியதும் நிறுத்திவிட்டுப் பிளக்கைக் கையால் தொட்டுப் பாருங்கள். பிடிக்க முடியாத சூடு என்றால் பிளக் குற்றியின் பிடி தளர்ந்துவிட்டது, மாற்றும் வரை அதில் எதையும் கொழுவாதீர்கள். சுற்றிவர மூன்றடிக்குள் துணி, பலகைத் தூள், பெட்டி எதுவும் வேண்டாம்.

இயற்கை எரிவாயு லைன் கராஜுக்கு அருகே இருந்தால், வெளிக்காற்றை இழுத்து வெளியே புகை விடும் மூடிய எரிகலன் ஹீற்றர் நல்ல தெரிவு. நாள் முழுக்க வேலை செய்பவர்களுக்குச் செலவு குறையும். அனுமதி பெற்ற எரிவாயுத் தொழில்நுட்பவியலாளரே பொருத்த வேண்டும்.

வீட்டு ஃபர்னஸ் குழாயை வெட்டிக் கராஜுக்கு ஒரு வாய் விடுவது சிலருக்குச் சுலபமாகத் தோன்றும். கார்ப்புகை படுக்கையறைக்குப் போக அதைவிட நேரான பாதை கிடையாது. கட்டடச் சட்டமும் அனுமதிக்காது. வீட்டுக்குள் போகும் கதவு தானாக மூடுகிறதா, சீல் இறுக்கமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். மின்சார ஹீற்றர் காபன்மொனொக்சைட் விடாது, கார் விடும். கதவை மூடிவைத்து ரிமோட்டில் காரை ஸ்ராற் செய்யும் பழக்கம் வீட்டில் யாருக்காவது இருந்தால் உடனே நிறுத்துங்கள். காபன்மொனொக்சைட் அலாரத்தைப் படுக்கையறைகளுக்கு அருகிலும், முடிந்தால் கராஜ் வாசலுக்கு வீட்டின் உட்பக்கம் இன்னொன்றையும் வையுங்கள்.

தெர்மோஸ்ராற்றை 5 முதல் 7 பாகையில் விட்டு, வேலைக்கு முன் 12க்கோ 15க்கோ ஏற்றினால் போதும். எந்நேரமும் சூடாக வைத்தால் மின்கட்டணம் ஏறும். காரில் ஒட்டிய உப்புப் பனி உருகித் துருவும் வேகமாகும். மரவேலை செய்பவர்கள் மாதம் ஒருமுறை பிரேக்கரை அணைத்து, ஹீற்றரின் பின்பக்கக் கம்பி வலையில் அடைந்த தூளை வாக்கியூமால் இழுத்துவிடுங்கள். வலை அடைபட்டால் காற்றோட்டம் குறைந்து, சூட்டுக் கட்டுப்பாட்டு சுவிட்ச் அடிக்கடி நிறுத்தும். ஹீற்றர் காரணமில்லாமல் நின்று நின்று ஓடினால் முதலில் அந்த வலையைப் பாருங்கள்.