அறுவடை இயந்திரம் பெயர் வைத்த ஊர்

மெல்பர்னின் மேற்கே உள்ள சன்ஷைனுக்கு முன்பு பிரேபுரூக் ஜங்ஷன் என்று பெயர். எச். வி. மெக்கே தன் அறுவடை இயந்திரத் தொழிற்சாலையை பல்லாரட்டிலிருந்து இங்கே மாற்றினார். 1907-இல் அவருடைய ‘சன்ஷைன்’ இயந்திரத்தின் பெயரையே ஊருக்கும் சூட்டினார்கள். முதலாளியின் செல்வாக்கு அப்படி!

அதே ஆண்டு அவருக்குத் தலைவலியும் வந்தது. தொழிலாளர்களுக்கு நியாயமான கூலி கொடுத்தால்தான் முதலாளிக்கு வரிவிலக்கு என்பது அன்றைய சட்டம். மெக்கே அந்த விலக்கைக் கேட்டு நீதிமன்றம் போனார். எது நியாயம்? நீதிபதி ஹிக்கின்ஸ் தொழிலாளர்களின் மனைவியரையும் சாட்சிகளாக அழைத்து வாடகை, மளிகை, விறகு என்று வீட்டுச் செலவைக் கேட்டார். கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள் கொண்ட குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 7 ஷில்லிங்காவது வேண்டும் என்றார். மெக்கே கொடுத்த கூலி அதற்குக் குறைவு என்பதால் விலக்கு கிடைக்கவில்லை. அவர் விடவில்லை, 1908-இல் உயர் நீதிமன்றத்தில் அந்தச் சட்டமே செல்லாமல் போனது. ஆனாலும் அந்த 7 ஷில்லிங்தான் ஆஸ்திரேலியாவின் அடிப்படைக் கூலிக்கு அளவுகோலானது. வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மால்டா, போலந்து, கிரேக்கம் என்று பல நாட்டவர் இங்கே வேலை தேடி வந்தார்கள். 1970-களின் பிற்பகுதியிலிருந்து வியட்நாமியர்கள். தொழிற்சாலை இருந்த இடத்தில் இன்று வணிக வளாகம் நிற்கிறது.