இரவல் கணக்கு: நான்கு பன்னிரண்டான கதை

வீட்டில் 212 புத்தகங்கள் இருக்கின்றன. எது யாரிடம் இரவல் போயிருக்கிறது என்பதை இத்தனை நாளும் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் குறித்து வந்தேன். ரெயில்ஸ் என்ற வெப் ஃபிரேம்வொர்க்கைப் பழகிப் பார்க்க ஒரு சாக்கு வேண்டும் என்று அதையே ஒரு சின்ன ஆப்பாக மாற்றத் தொடங்கினேன். பின்னால் டேட்டாபேஸாகப் போஸ்ட்கிரெஸ். டேபிள்கள் அதிகமில்லை: புத்தகம், ஆசிரியர், நண்பர், இரவல், குறிச்சொல். ஒரு புத்தகத்துக்கு இரண்டு ஆசிரியர்கள் இருக்கலாம் என்பதால் நடுவில் கோக்க ஓர் இடை டேபிள், குறிச்சொல்லுக்கும் அப்படியே ஒன்று. இரவல் டேபிளில் எந்தப் புத்தகம், எந்த நண்பர், கொடுத்த தேதி, திரும்பிய தேதி. திரும்பிய தேதி காலியாக இருந்தால் புத்தகம் இன்னும் வெளியே இருக்கிறது என்று அர்த்தம். இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேலை இருக்கிறது.

ஒவ்வொரு டேபிளுக்கும் ரெயில்ஸில் எழுதும் மாடல்களில், எது எதோடு தொடர்பு என்று சொல்லும் 'ஹேஸ் மெனி', 'பிலாங்ஸ் டு' எழுதுவதெல்லாம் அரை மணி நேர வேலை. பட்டியல் பக்கமும் உடனே வந்துவிட்டது: தலைப்பு, ஆசிரியர், இப்போது யாரிடம். சந்தோஷமாக இருந்தது. ஆப் செய்வதையெல்லாம் பதிந்துவைக்கும் லாக்கைத் திறக்கும் வரைதான்.

ஒரு பக்கத்துக்கு 432 குவெரி, அதாவது டேட்டாபேஸிடம் 432 கேள்வி. எண்ணிப் பார்த்தால் கணக்கு சரியாகவே இருந்தது. புத்தகங்களை எடுக்க 1. ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஆசிரியரைத் தேடி 212. ஒவ்வொன்றுக்கும் 'திரும்பாத இரவல் உண்டா' என்று கேட்டு இன்னொரு 212. வெளியே இருப்பவை 19, அவற்றை வைத்திருப்பவர்கள் 7 பேர், அதற்கு 7. மீதி 12 தடவை அதே நண்பரைக் கேட்டபோது ரெயில்ஸ் டேட்டாபேஸுக்கே போகாமல், முன்பு வந்த விடையையே எடுத்துக் கொடுத்து, லாக்கில் 'கேஷ்' என்று போட்டிருந்தது. என் பிழைக்கு ஃபிரேம்வொர்க் கொடுத்த சிறு தள்ளுபடி. இதுதான் எல்லோரும் சொல்லும் 'என் பிளஸ் ஒன்' (N+1: பட்டியலுக்கு ஒரு குவெரி, பிறகு ஒவ்வொரு புத்தகத்துக்கும் தனித்தனியாக ஒன்று) என்பது தெரியும். படித்திருக்கிறேன். படித்ததற்கும் நம் லாக்கில் ஓடுவதைப் பார்ப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

மருந்தும் தெரியும்: தொடர்புடையவற்றை முன்கூட்டியே மொத்தமாக எடுத்துவரும் 'இன்க்ளூட்ஸ்'. ஆசிரியர், இரவல், இரவலுக்குள் நண்பர் எல்லாவற்றையும் அதில் கொடுத்தேன். ஐந்து குவெரிதான் வர வேண்டும். வந்தது 224.

அரை நாள் இதிலேயே போனது. இன்க்ளூட்ஸ் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தது. இரவல்கள் எல்லாம் மெமரியில் வந்து உட்கார்ந்திருந்தன. ஆனால் என் டெம்ப்ளேட்டில் புத்தகத்தின் இரவல்கள் மேல் ஒரு 'வேர்' (where, அதாவது நிபந்தனை) போட்டு, திரும்பாததை எடுத்திருந்தேன். வேர் என்று எழுதினாலே அது புதுக் குவெரி. ஏற்கெனவே கொண்டுவந்து வைத்த பட்டியலை அது எட்டிக்கூடப் பார்க்காது. அப்படிப் புதிதாக வந்த இரவலுக்கு நண்பர் முன்கூட்டியே வந்திருக்கவும் மாட்டார், ஆகவே அந்த 7-உம் கூடவே திரும்பி வந்தது. 5, 212, 7: கூட்டினால் 224.

தீர்வு, மாடலிலேயே 'நடப்பு இரவல்' என்று ஒரு 'ஹேஸ் ஒன்' எழுதி, திரும்பிய தேதி காலி என்ற நிபந்தனையை அதற்குள்ளேயே வைத்ததுதான். பிறகு இன்க்ளூட்ஸில் அதைக் கொடுத்தால் நிபந்தனையோடு சேர்த்தே முன்கூட்டி எடுத்துவிடுகிறது. புத்தகம், இடை டேபிள், ஆசிரியர், இரவல், நண்பர்: ஐந்தே குவெரி. லாக் ஒரு திரைக்குள் அடங்கியது.

அடுத்த வாரம் வடிகட்டிகள். 'ஒரு தடவையாவது இரவல் போன புத்தகங்கள்' என்பதற்குப் புத்தக டேபிளை இரவல் டேபிளோடு சேர்க்கும் 'ஜாயின்ஸ்' போட்டேன். 96 என்றது கன்சோல். அத்தனை தாராளமானவன் இல்லை நான். பட்டியலைப் பார்த்தால் ஒரே தலைப்பு நான்கு தடவை, இன்னொன்று ஏழு தடவை. ஜாயின்ஸ் போடுவது இன்னர் ஜாயின், இரண்டு பக்கமும் பொருந்துவதை மட்டும் எடுப்பது. அது புத்தகத்தை எண்ணுவதில்லை, புத்தகமும் இரவலும் சேர்ந்த ஜோடியை எண்ணுகிறது. ஒரே மாதிரி வருவதை ஒன்றாக்கும் 'டிஸ்டிங்க்ட்' போட்டதும் 41 ஆனது. சரி, கடைசியாக இரவல் போன தேதிப்படி அடுக்கலாமே என்று ஆர்டர் சேர்த்தால் போஸ்ட்கிரெஸ் மறுத்துவிட்டது: டிஸ்டிங்க்ட் போட்டால், எதை வைத்து அடுக்குகிறாயோ அது செலக்ட் பட்டியலில் (எடுக்கச் சொன்னவற்றில்) இருக்க வேண்டுமாம். முதலில் எரிச்சல்தான் வந்தது. யோசித்தால் அது கேட்பது நியாயம். நான்கு இரவல் போன புத்தகத்தை ஒரே ரோவாக (டேபிளின் ஒரு வரி) சுருக்கிவிட்டு, நான்கு தேதிகளில் எதை வைத்து அடுக்குவது?

இப்போது இந்த மாதிரி 'உண்டா இல்லையா' கேள்விகளுக்கு ஜாயினே போடுவதில்லை. புத்தக ஐடி, இரவல் டேபிளின் புத்தக ஐடிகளுக்குள் இருக்கிறதா என்று சப்குவெரியாக (குவெரிக்குள் ஒரு குவெரி) கேட்கிறேன். ரோ பெருகாது, டிஸ்டிங்க்ட்டும் வேண்டாம்.

அதே சப்குவெரியை 'நாட் இன்' (not in, உள்ளே இல்லாதவை) என்று திருப்பிப் போட்டு 'ஒரு தடவைகூட இரவல் போகாதவை' எடுக்கப் போனேன். 212-இல் 41 போனால் 171 வர வேண்டும். வந்தது பூஜ்யம்.

பழைய ஸ்ப்ரெட்ஷீட்டை 'இன்சர்ட் ஆல்' மூலம் மொத்தமாக ஏற்றியிருந்தேன். அது மாடலின் வேலிடேஷன்களை, அதாவது சரிபார்ப்புகளைத் தொடாமல் நேராக டேபிளுக்குப் போகும். அதில் ஒரு வரியில் புத்தகத்தின் பெயரே இல்லாமல் 'அந்த நீல அட்டை' என்று மட்டும் எழுதியிருந்தேன். அந்த ரோவின் புத்தக ஐடி நல் (null, மதிப்பே இல்லை) ஆகப் போய் உட்கார்ந்திருக்கிறது. 'நாட் இன்' பட்டியலில் ஒரே ஒரு நல் இருந்தால் போதும், 'இந்தப் பட்டியலில் இல்லை' என்று எந்தப் புத்தகத்தைப் பற்றியும் டேட்டாபேஸால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே எதையுமே கொடுக்காது. தமிழில் எழுதினால் 'நல்' என்று வருகிறது. நல்லது எதுவும் செய்து நான் பார்த்ததில்லை.

'வேர் மிஸ்ஸிங்' என்று ஒன்று இருப்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. 2020 டிசம்பரில் வந்த ரெயில்ஸ் 6.1 பதிப்பிலிருந்தே இருக்கிறதாம். உள்ளே அது செய்வது லெஃப்ட் ஜாயின் (இடப்பக்க டேபிளின் ரோ எல்லாம் வரும், பொருந்தாவிட்டால் எதிர்ப்பக்கம் காலி) போட்டு, அப்படிக் காலியாக இருப்பதை மட்டும் எடுப்பது. அந்த நீல அட்டை ரோ எந்தப் புத்தகத்தோடும் பொருந்தாது, அதனால் குறுக்கே வராது. 171 வந்தது. அந்த ரோவை அழித்துவிட்டு, புத்தக ஐடி நெடுவரிசைக்கு 'நாட் நல்' (காலியாக இருக்கக் கூடாது) கட்டுப்பாட்டையும் போட்டேன்.

குறிச்சொல் வடிகட்டி ஒரு தனி வேடிக்கை. 'கவிதை' என்று தேடினால் புத்தகங்கள் சரியாக வந்தன, ஆனால் எல்லாவற்றிலும் 'கவிதை' என்ற ஒரே குறிச்சொல்தான் தெரிந்தது. மற்றவை எங்கே? குறிச்சொல்லை இன்க்ளூட்ஸில் கொடுத்து, அதே டேபிள் மேல் வேர் போட்டிருந்தேன். அப்படிச் செய்தால் இன்க்ளூட்ஸ் தனித்தனிக் குவெரியை விட்டுவிட்டு ஒரே லெஃப்ட் ஜாயினுக்கு மாறிவிடுகிறது. வேர் அந்தக் குறிச்சொற்களையும் சேர்த்தே கழித்துவிட, மிச்சம் இருந்ததுதான் முழுப் பட்டியல் என்று ஆப்ஜெக்ட் நம்பிக்கொண்டிருந்தது. தேடுவதற்குச் சப்குவெரி, காட்டுவதற்கு எப்போதும் தனிக் குவெரியில் எடுக்கும் 'ப்ரீலோட்' என்று பிரித்ததும் சரியானது. இன்க்ளூட்ஸ் இப்படி நம்மைக் கேட்காமல் முடிவெடுப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அதன் பிறகு ப்ரீலோட், எப்போதும் ஒரே லெஃப்ட் ஜாயினில் எடுக்கும் 'ஈகர் லோட்' இரண்டில் எது வேண்டுமோ அதை நானே எழுதிவிடுகிறேன்.

இப்போது தலைப்பில் சொன்ன கதை. புள்ளிவிவரப் பக்கம் ஒன்று வேண்டும் என்று ஆசை: ஒவ்வொரு புத்தகமும் எத்தனை தடவை இரவல் போனது, எத்தனை குறிச்சொல், மொத்தம் எத்தனை நாள் வெளியே இருந்தது. திரும்பி வந்தவற்றுக்கு மட்டும் நாள்கணக்கு இரவல் டேபிளிலேயே ஒரு நெடுவரிசையாக இருக்கிறது. இரவல், குறிச்சொல் இரண்டையும் ஒரே குவெரியில் லெஃப்ட் ஜாயின் செய்து, புத்தகவாரியாக குரூப் செய்தேன். ஒரு புத்தகத்துக்கு இரவல் 12, குறிச்சொல் 12 என்று காட்டியது. எனக்குத் தெரிந்து அது நான்கு தடவைதான் போயிருக்கிறது. குறிச்சொல் மூன்று.

குரூப்பை எடுத்துவிட்டு அந்த ஒரு புத்தகத்தின் ரோக்களை மட்டும் கன்சோலில் அச்சடித்துப் பார்த்தேன். முதல் இரவல் மூன்று குறிச்சொல்லோடும் மூன்று ரோ, இரண்டாவது மூன்று ரோ, அப்படியே நான்குக்கும். இரவலுக்கும் குறிச்சொல்லுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது புத்தகம் மட்டும்தான். ஆகவே டேட்டாபேஸ் எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் சேர்த்துவைக்கிறது. எண்ணும் கவுன்ட்டுக்குள் டிஸ்டிங்க்ட் போட்டதும் 4, 3 என்று அடங்கியது.

நாள்கணக்கு அடங்கவில்லை. அந்த நான்கு இரவல்களும் 10, 14, 14, 30 நாள்கள். கூட்டினால் 68. திரையில் 204, அதாவது மும்மடங்கு. கவுன்ட்டுக்கு வேலை செய்தது கூட்டும் சம்முக்கும் செய்யும் என்று டிஸ்டிங்க்ட்டை அங்கேயும் போட்டேன். 54 வந்தது. இரண்டு 14-களை ஒன்று என்று நினைத்து ஒன்றைத் தூக்கி எறிந்துவிட்டது. 204 என்றால் பார்த்ததும் சந்தேகம் வரும். 54 நம்பும்படியான எண். இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு வாரம் வைத்திருந்தார்கள் என்பது எனக்கு நினைவில்லாமல் போயிருந்தால், அதை அப்படியே விட்டிருப்பேன்.

கடைசியில் இரவல்களைத் தனியே புத்தகவாரியாகக் கூட்டி ஒரு சப்குவெரி ஆக்கி, புத்தகத்துக்கு ஒரே ரோவாகச் சுருக்கிய பிறகுதான் ஜாயின் செய்தேன். குறிச்சொல்லுக்கும் அதே மாதிரி. இதற்கு டேட்டாபேஸின் மொழியான எஸ்கியூஎல் துண்டைக் கையால் எழுத வேண்டியிருந்தது. ரெயில்ஸின் டேட்டாபேஸ் பகுதியான ஆக்டிவ் ரெக்கார்டிலேயே வளைத்து நெளித்து எழுதியிருக்கலாம், ஆனால் ஆறு மாதம் கழித்து நானே படித்தால் புரிய வேண்டுமே.

லெஃப்ட் ஜாயினில் இன்னொரு அடியும் வாங்கினேன். 'எல்லாப் புத்தகமும் வேண்டும், பக்கத்தில் இந்த ஆண்டு இரவல் இருந்தால் அதுவும்' என்று கேட்க, தேதியை வேரில் வைத்தேன். இரவலே போகாத புத்தகங்கள் மறைந்தன, லெஃப்ட் ஜாயின் போட்டும் பயனில்லை. 'அல்லது தேதி காலி' என்று சேர்த்தேன், அவை திரும்பி வந்தன. ஆனால் முந்தைய ஆண்டுகளில் மட்டும் இரவல் போனவை இன்னும் காணோம். அவற்றின் தேதி காலியும் இல்லை, இந்த ஆண்டும் இல்லை. நிபந்தனை, எந்த ரோ எதோடு சேரும் என்று சொல்லும் ஜாயினின் 'ஆன்' பகுதிக்குள் இருந்தால்தான் சரிப்படும். அதற்கு எளிய வழி முன்பு செய்ததுதான்: நிபந்தனையோடு ஓர் அசோசியேஷன் ('ஹேஸ் ஒன்' போன்ற தொடர்பு) எழுதி, அதை லெஃப்ட் ஜாயின் செய்தால் ரெயில்ஸ் நிபந்தனையை ஆன் பகுதியிலேயே போட்டுவிடுகிறது.

தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸ் பற்றி எழுத ஒன்றுமில்லை. போஸ்ட்கிரெஸ் எப்படித் தேடுகிறது என்று காட்டும் 'எக்ஸ்ப்ளெய்ன்' ஓட்டிப் பார்த்தேன். இண்டெக்ஸ் இருந்தும் போஸ்ட்கிரெஸ் டேபிள் முழுவதையும்தான் படித்தது. 212 ரோவுக்கு அது போதும் என்று அதற்கே தெரிகிறது.

எல்லாம் முடிந்து 'நீண்ட நாளாகத் திரும்பாதவை' என்று ஒரு பக்கம் செய்தேன். ஜாயின் ஒன்று, ஆர்டர் ஒன்று, பத்து நிமிட வேலை. முதல் ரோவில் 2019 தேதி. அந்த நண்பனுக்கு உடனே செய்தி அனுப்பினேன். "டேய், அதை அடுத்த மாசமே கொடுத்துட்டேனே, நீதானே வாங்கி வச்சே" என்று பதில் வந்தது. போய்ப் பார்த்தால் அலமாரியின் மேல் தட்டில், இரண்டாவது வரிசைக்குப் பின்னால் இருக்கிறது. அட்டை நீலம்.

தேதி தெரியாமல் எதைப் போடுவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. இப்போதைக்கு இன்றைய தேதியைப் போட்டிருக்கிறேன். வெளியே இருப்பவை 18.