புத்தகத்தைப் பிடித்திருப்பவருக்குப் படம் தெரியாது

மழலையர் வகுப்பில் படப்புத்தகம் வாசிக்கும் ஆசிரியரைக் கவனித்துப் பாருங்கள். புத்தகத்தைத் தோளருகே, பிள்ளைகள் பக்கம் திருப்பிப் பிடித்திருப்பார். கழுத்தை வளைத்து ஓரக்கண்ணால் வரிகளைப் படிப்பார். அந்த அறையில் படம் சரியாகத் தெரியாத ஒரே ஆள் அவர்தான். பதினோரு ஆண்டுகள் நானும் அப்படித்தான் வாசித்தேன். நன்றாக வாசிக்கிறேன் என்ற நினைப்பு வேறு. கரடிக்கு ஒரு குரல், எலிக்கு ஒரு குரல், இடி இடித்தால் மேசையில் ஒரு தட்டு.

எங்கள் வகுப்பு அலமாரியில் ஒரு மெல்லிய புத்தகம் இருந்தது. தாத்தாவும் பேத்தியும் ஒரு கடிதத்தைத் தபால்பெட்டியில் போடக் கிளம்புகிறார்கள். பக்கத்துக்கு ஒரு வரி. வாசலைத் தாண்டினார்கள். பாலத்தைக் கடந்தார்கள். மேட்டில் ஏறினார்கள். மொத்தம் நூறு சொற்கள்கூட வராது. உப்புச்சப்பில்லாத கதை என்பது என் முடிவு. அதனால் பாலத்தில் தண்ணீர் ஓடும் சத்தம், மேட்டில் தாத்தா மூச்சு வாங்கும் சத்தம் என்று நானே ஏதேதோ சேர்த்து வாசிப்பேன்.

அந்தப் புத்தகத்தை வாசிக்கத் தொடங்கிய மூன்றாவது ஆண்டு, நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி இடையில் கேட்டாள்: “டீச்சர், தாத்தாவின் ஸ்வெட்டர் ஏன் சின்னதாகிக்கொண்டே போகிறது?” கதை முடிந்ததும் கேள்வி கேட்கலாம் என்று சொல்லிவிட்டு நான் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தேன். அதற்குள் நான்கைந்து பேர் எழுந்து புத்தகத்தின் மேலேயே விழுந்துவிட்டார்கள். வாசிப்பு கலைந்தது. எனக்குக் கோபம்தான் வந்தது.

பிள்ளைகள் போனபிறகு அந்தப் புத்தகத்தை மடியில் வைத்துப் பார்த்தேன். முதல் பக்கத்தில் வாசற்கதவின் ஆணியில் ஸ்வெட்டரின் நூல் மாட்டிக்கொள்கிறது. அங்கிருந்து பக்கம் பக்கமாகச் சிவப்பு நூல் அவிழ்ந்துகொண்டே வருகிறது. பாலத்தில் ஸ்வெட்டர் இடுப்பளவு, மேட்டில் மார்பளவு. தபால்பெட்டிக்கு முன்னால் நிற்கும்போது தாத்தாவின் கழுத்தில் ஒரு பட்டை மட்டும் மிச்சம். வரிகளில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எழுத்து ஒன்றும் தெரியாததுபோல் முகத்தை வைத்துக்கொண்டிருப்பதுதான் அந்தப் புத்தகத்தின் வேடிக்கையே. அதைத்தான் இரண்டு ஆண்டுகளாக உப்புச்சப்பில்லை என்று நினைத்திருந்தேன்.

செக் நாட்டுக் கல்வியாளர் கொமேனியஸ் 1658இல் குழந்தைகளுக்காக அச்சிட்ட பாடநூலில் படத்தில் உள்ள பொருளுக்கு ஓர் எண் இருக்கும், சொல்லுக்கும் அதே எண் இருக்கும். படமும் சொல்லும் ஒன்றையே சொல்லும். எனக்குப் பயிற்சியில் படிந்த வழக்கமும் அதுவே: படத்தைக் காட்டு, பெயரைச் சொல், திரும்பச் சொல்லவை. நல்ல படப்புத்தகம் அப்படி வேலை செய்வதில்லை. சொல் ஒன்றைச் சொல்லும்; படம் வேறொன்றைச் சொல்லும், சிலசமயம் சொல்லையே பொய்யாக்கும். வாசிக்கும்போது குழந்தைகளின் கண் எங்கே போகிறது என்று கருவி வைத்துப் பார்த்த கனடா ஆய்வாளர்களின் ஆய்வு ஒன்று 2005இல் வெளிவந்தது. பெரியவர் வாசிக்கக் கேட்கும் நான்கு வயதுக் குழந்தைகள் ஏறத்தாழ முழு நேரமும் படத்தைத்தான் பார்க்கிறார்கள். எழுத்தின் பக்கம் கண் போவதே அரிது. அப்படியானால் நானும் என் வகுப்பும் இத்தனை காலம் ஒரே அட்டைக்குள் இரண்டு வேறு புத்தகங்களைப் படித்துக்கொண்டிருந்தோம்.

அதற்குப் பிறகு வழக்கத்தை மாற்றினேன். புதிய புத்தகம் என்றால் எழுத்தின்மேல் ஒட்டுத்தாளை ஒட்டி மறைத்துவிட்டு முதலில் படங்களை மட்டும் புரட்டுவோம். இருபத்தைந்து பேரை ஒன்றாக உட்காரவைப்பதையும் விட்டேன். பின்வரிசைக்குச் சிவப்பு நூல் எங்கே தெரியும்? ஆறேழு பேராகத் தரையில் புத்தகத்தைச் சுற்றி உட்காருகிறோம். பெரிய திரையில் காட்டியும் பார்த்தேன். எல்லாருக்கும் நன்றாகத் தெரிந்தது. ஆனால் பக்கத்தைப் புரட்டுவதற்குச் சண்டை போட ஆள் இல்லை. அந்தச் சண்டை எனக்கு வேண்டும். பக்கம் புரளும் இடத்தில்தான் அடுத்தது என்னவாக இருக்கும் என்று ஊகிக்கிறார்கள்.

எனக்கு மிகக் கடினமாக இருந்தது சும்மா இருப்பது. கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களில் எழுதினார். அதை மூன்று விநாடியாக நீட்டினால் பதில்கள் நீளமாகின்றன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசுகிறார்கள் என்பது அவர் கண்டது. மூன்று விநாடிதானே என்று தோன்றும். வகுப்பில் அது தாங்க முடியாத நீளம். நான் முதுகுக்குப் பின்னால் விரல்விட்டு எண்ணுவேன். இரண்டு வருவதற்குள் வாய் திறந்துவிடும்.

கேள்விகளையும் குறைத்துக்கொண்டேன். “இது என்ன?” என்று கேட்டால் “நாய்” என்று பதில் வரும், அத்தோடு முடிந்தது. “எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்?” என்பதை மட்டும் தவறாமல் கேட்கிறேன். குழந்தை எது சொன்னாலும் சரி என்று தலையாட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பேத்தி அழுகிறாள் என்றான் ஒருவன். எதைப் பார்த்து? கன்னத்தில் இரண்டு கோடுகள். பக்கத்தில் இருந்தவள் முந்தின பக்கத்தைப் புரட்டி, அங்கேயும் அதே கோடுகள் இருக்கின்றன, அது கன்னத்துக் குழி என்றாள். அவன் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் முன்பக்கம் போய்ப் பார்க்க வேண்டும் என்பது இருவருக்கும் தெரிந்துவிட்டது.

செயல்பாடு என்ற பெயரில் நான் செய்த அபத்தங்களும் உண்டு. பார்வையிட வந்த ஒரு மேலதிகாரி, கற்றதற்குச் சான்று எங்கே என்று கேட்டதால் ஸ்வெட்டரின் வெளிக்கோட்டை வரைந்து நிறம் தீட்டக் கொடுத்தேன். இருபத்தைந்து சிவப்பு ஸ்வெட்டர்களைச் சுவரில் ஒட்டினேன். அவருக்குத் திருப்தி. ஒரு ஸ்வெட்டரில்கூட நூல் அவிழவில்லை என்பதை நான் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னொரு நாள் உண்மையான கம்பளி நூலை நாற்காலிக் கால்களில் சுற்றிப் பாலம், மேடு எல்லாம் அமைத்தேன். பத்து நிமிடத்தில் ஒருவன் தடுக்கி விழுந்தான், இருவர் சிக்கிக்கொண்டார்கள். சிக்கெடுக்க அரைமணி நேரம் ஆனது. சிக்கெடுத்த அரைமணிதான் அந்த வாரத்திலேயே உருப்படியான பேச்சு நடந்த நேரம் என்பதையும் சொல்ல வேண்டும்: எது மேலே போகிறது, எது அடியில் வருகிறது, யார் முதலில் இழுக்க வேண்டும்.

பலன் தந்தது மிக எளிய ஒன்று. பக்கங்களை நகலெடுத்து, எழுத்துப் பகுதியை வெட்டிவிட்டு, தரையில் கலைத்துப் போட்டேன். வரிசைப்படுத்தச் சொன்னேன். பாலம் முதலா மேடு முதலா என்பது யாருக்கும் நினைவில்லை. ஸ்வெட்டரின் நீளத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு குழு அளவுகோலையே எடுத்து வந்தது. அதில் எண்கள் அவர்களுக்குத் தெரியாது. கட்டைவிரலை வைத்து அடையாளம் பிடித்துக்கொண்டார்கள். நீளத்தை ஒப்பிடும் பாடத்துக்கு நான் தனியாக வைத்திருந்த பயிற்சித்தாளை அப்படியே ஓரமாக வைத்தேன்.

இன்னொரு குழு முழுவதையும் தலைகீழாக அடுக்கியிருந்தது. தவறு என்று சொல்ல வாயெடுத்தேன். முதுகுக்குப் பின்னால் விரல்கள் எண்ணிக்கொண்டிருந்ததால் தப்பித்தேன். ஒரு சிறுவன் சொல்லத் தொடங்கினான்: தாத்தாவுக்குக் குளிர்கிறது, ஸ்வெட்டர் இல்லை. வழியெல்லாம் யாரோ நூலைப் போட்டு வைத்திருக்கிறார்கள். அவர் நடக்க நடக்க நூல் வந்து பின்னிக்கொள்கிறது. வீட்டுக்கு வந்து சேரும்போது முழு ஸ்வெட்டர். கேட்டவர்கள் யாருக்கும் இதில் குறை தெரியவில்லை. அப்படியானால் தபால்பெட்டி எதற்கு என்று ஒருத்தி மட்டும் கேட்டாள். கடிதம் அதிலிருந்துதான் வந்தது என்றான்.

ஆண்டுக் கடைசியில் நகல்களை எல்லாம் பைக்குள் போட்டுவிட்டு, அந்தப் புத்தகத்தை அலமாரியில் வைத்துவிட்டு வா என்று ஒரு பையனிடம் கொடுத்தேன். போனவன் அலமாரியின் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தான். வரச் சொல்லி இரண்டு முறை அழைத்தேன். “டீச்சர், நாய் எல்லாவற்றையும் சுற்றிவிட்டது,” என்றான். பின்னட்டையின் உட்புறத்தில், வாசற்கதவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நாய் உட்கார்ந்திருந்தது. அதன் கால்களுக்கு நடுவே சிவப்பு நூல்கண்டு. கடைசி வரி அதற்கு முந்தின பக்கத்திலேயே முடிந்துவிடும். நான் எப்போதும் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவேன்.